மேட்டில் இறங்கி நடந்தவள்

ஜூன் 3, சனி

காலையிலிருந்து மழை. ஆபீஸ் அரை நாள்.

நாளை ரோசலினை மலைக்கு அந்தப் பக்கம், பாலிக் பூலாவிலிருந்து அழைத்து வர வேண்டும். தாய் வீட்டில் இத்தனை நாள் ஓய்வெடுத்தும் என் மனைவிக்கு இருமல் விடவில்லை. திங்களன்று பெரிய டாக்டர் பார்க்கிறார். பஸ்ஸில் வரமாட்டாளாம். போன தடவை இருமியபோது பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்களாம். அதற்காகத்தானே இந்தக் குட்டிக் காரை வாங்கினேன்.

ஆனால் கியர் பெட்டி போடும் ஊளை! ரோ.வுக்கு அதைக் கேட்டாலே தலைவலி. நானே மூடியைக் கழற்றி, கெட்டி கிரீஸில் மரத்தூள் கலந்து அடைத்தேன். சட்டை நாசம். டத்தோ கிராமாட் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. பெருமை தாங்கவில்லை. கொஞ்சம் மந்தமாக ஓடுகிறது. மழை ஈரமாக இருக்கும்.

ஜூன் 4, ஞாயிறு

பூசை முடிந்ததும் புறப்பட்டேன். போகும்போது தனி ஆள். மலையைத் திணறித் திணறி ஏறிவிட்டது.

திரும்பும்போது ரோ. பக்கத்தில். "சத்தமே காணோமே, வேற காடியா?" என்று சிரித்தாள். பாதி மேட்டில் நின்றுவிட்டது. முதல் கியர்தான். எஞ்சின் கத்துகிறது, சக்கரம் நகரவில்லை.

"நான் இறங்கிக்கிறேங்க. கொஞ்ச தூரந்தானே."

சின்னக் காரில் வருகிறவர்கள் எல்லோரும் அந்த மேட்டில் இறங்கி நடப்பதுதான் வழக்கம். நானும் சரி என்றேன். நோயாளியிடம் சரி என்றேன். கார் நகர்ந்தது. நடுவில் நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று உச்சி வரை போய்விட்டேன். தூறல் பிடித்துக்கொண்டது. குடை காரில். எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். கடைசி வளைவில் வந்துகொண்டிருந்தாள், தொப்பலாக, உதடு வெளுத்து.

"பாவம், காடிக்கும் மூச்சு வாங்குது" என்றாள்.

ஜூன் 5, திங்கள்

ராத்திரியெல்லாம் காய்ச்சல். டாக்டர் பார்த்தார், நிமோனியா என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

மாலை காதர் அண்ணன் பட்டறை. மூடியைத் திறந்து விரலால் வழித்துப் பார்த்தார்.

"யாரு தம்பி இத அடைச்சது?"

"நாந்தாண்ணே. சத்தம் போட்டுச்சு."

"போட்டா போடட்டும்லா! இந்த எஞ்சின் குடுக்கிறதே கொஞ்சம். அதுல பாதி இந்தக் களியக் கிண்டவே போயிருது. சக்கரத்துக்கு என்னா மிஞ்சும்?"

எல்லாவற்றையும் பிரித்துக் கழுவ வேண்டுமாம், காரை விட்டுப் போகச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு எதில் போவது? அப்புறம் என்று சொல்லி ஓட்டி வந்துவிட்டேன்.

ஜூன் 7, புதன்

காய்ச்சல் இறங்கவில்லை. ஆபீஸ் லீவு.
கொண்டுபோக: கம்பளி, ஜெபமாலை, ஆரஞ்சு.
ஆரஞ்சைத் தொடவில்லை. நானும் சாப்பிடவில்லை. கார் சத்தமில்லாமல் ஓடுகிறது, கேட்கவே வெறுப்பாக இருக்கிறது.

ஜூன் 8, வியாழன்

வெயில். சாமியார் வந்து அவஸ்தை பூசினார், சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசும் எண்ணெய். ரோ. கண் திறந்து "அம்மா" என்றாள். உடனே அத்தையைக் கூட்டி வரக் கிளம்பினேன். பின்சீட், உபரிச் சக்கரம், பெட்டி எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் போட்டேன். பாரம் குறையட்டும்.

அப்படியும் அத்தையோடு திரும்பும்போது அதே மேட்டில் நின்றுவிட்டது. அத்தை கதவில் கை வைத்தார். "நான் இறங்கி நடக்கட்டா மாப்பிள்ளை?"

வேண்டாம் என்று கத்திவிட்டேன். அவர் பயந்துபோனார்.

அப்போது கீழேயிருந்து இன்னொரு குட்டிக் கார். கூடை கூடையாக டுரியான் பழம். முகத்தைக் கீழ்ப்பக்கம் வைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே மேட்டில் ஏறி வந்தது. ஓட்டிய சீனர் எங்களைப் பார்த்து, "உண்டூர் லா, உண்டூர்!" என்றார். பின்னால் போ, அவ்வளவுதான். பின்செல்லும் கியருக்குத்தான் இழுவை அதிகம். தினமும் போட்டு எடுக்கிற கியர். எனக்குத் தோன்றவே இல்லை.

காரைத் திருப்பி, பின்னாலேயே ஏற்றினேன். கிரீஸ், மரத்தூள், அத்தை எல்லாவற்றோடும் ஏறியது. நிற்கவில்லை.

உச்சியில் அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்குப் புள்ளையையும் இப்படித்தான் ஏத்திட்டுப் போனீங்களா, மாப்பிள்ளை?"

"ஆமா அத்தை" என்றேன்.