ஜூபாவின் இடது கை

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து மழை. செனாய் ஊர் முழுக்க ஈரத்துணி வாசம். பட்டமளிப்பு ஜூபாவை அலமாரிக் கதவில் மாட்டி, காற்றாடி போட்டு வைத்திருக்கிறேன். கருநீல அங்கி, தொளதொளவென்று நீளக் கை. வாடகைப் பொருள். திங்கட்கிழமைக்குள் பல்கலைக்கழகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஸ்டூடியோ. பக்கத்து ஊர் கூலாயில். பவிக்குப் படம் எடுத்த அதே ஷாலினி.

ஹாலில் மூன்று படம். பெரியவன், அடுத்தவள், கடைக்குட்டி பவி. மூன்றிலும் பிள்ளை ஜூபாவோடு, பக்கத்தில் நான் பட்டுப்புடவையில். மூன்றிலும் அவர் இல்லை. முதல் இரண்டுக்கும் சிங்கப்பூரில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார், லீவு கிடைக்கவில்லை. பவியின் படத்துக்கு வந்தார். வந்து காரிலேயே உட்கார்ந்துகொண்டார், பார்க்கிங் சரியில்லையாம். வீட்டுக்குப் புதிதாக வருபவர்கள் சுவரைப் பார்த்துவிட்டு அப்பா எங்கே என்கிறார்கள். ஒரு அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

நாலாவது படம் என்னுடையது. ஐம்பத்து மூன்று வயதில் பட்டம். அதில் அவர் நிற்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 12, புதன்

ஷாலினி வாட்ஸ்அப்பில் அனுப்பியது:

– உடுப்பில் சுருக்கம் கூடாது
– ஒரே நிறமாக இருக்கட்டும். கட்டம், பொடிக்கோடு வேண்டாம்
– புருவம் திருத்துவதென்றால் இரண்டு நாள் முன்னதாக
– புது ஃபேஷியல் வேண்டவே வேண்டாம்
– மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரவும்
– நல்லா தூங்குங்க ஆண்ட்டி!!

கடைசிதான் கஷ்டம்.

அவர் வேலை முடிந்து வந்து குளித்துச் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"சனிக்கிழமை நீங்களும் நிக்கிறீங்க."

"அலமாக், நான் எதுக்கு? படிச்சது நீ. நீ நில்லு லா."

"குடும்பப் படம்ங்க."

"படிவம் மூணோட படிப்ப நிறுத்தினவன் அந்த ஜூபா பக்கத்துல நின்னா நல்லாவா இருக்கும்? நான் கார் ஓட்டிட்டு வர்றேன், போதும்."

கோபம். தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே எடுத்து வைத்தேன். கழுவும்போது கோபம் ஆறிவிட்டது. நாலரை வருடம் சனி ஞாயிறு எனக்கு ஆன்லைன் வகுப்பு. நாலரை வருடம் டிவியில் பந்து ஆட்டத்தைச் சத்தமில்லாமல் பார்த்தவர். என் கட்டுரைகளை யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கடையில் வரிசையில் நின்று பிரிண்ட் எடுத்து வந்தவர். ஒரு பாடத்தில் நான் தோற்று அழுதபோது, "நான் லைசென்ஸ் டெஸ்ட்டு மூணு வாட்டி போனேன், யாருக்காச்சும் தெரியுமா?" என்றார். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. இந்த மனுஷன் இல்லாமல் எனக்கு ஏது பட்டம்.

பிறகு என் போனை வாங்கி ஷாலினியின் பட்டியலைப் படித்தார். இரண்டு முறை. எதற்கென்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

புருவம் ஆயிற்று. இடது புருவம் எதையோ கேட்டுத் திடுக்கிட்ட மாதிரி நிற்கிறது. நாளை மறுநாளைக்குள் சமாதானமாகும் என்றாள் அந்தப் பெண்.

பாலர் பள்ளியில் என் வகுப்புச் சின்னது ஒன்று: "டீச்சர், படிச்சு முடிச்சிட்டீங்களா? அப்ப இன்னமே ஹோம்வொர்க் இல்லையா?" இல்லை கண்ணு, இல்லவே இல்லை.

தீபாவளி முறுக்கில் கடைசி டின் திறந்தாச்சு. நமுத்துவிட்டது. தின்றோம்.

நவம்பர் 14, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

அவருக்கு இன்று ஆஃப். பள்ளி முடிந்து ஒரு மணிக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் கருகிய நாற்றம். மேசையில் போர்வை, அதன் மேல் ஜூபா. அவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். ஜூபாவின் இடது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, அயர்ன் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்திருக்கிறது. துணி உருகிப் பளபளவென்று.

"சுருக்கம் இருக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சே. நீ வர்றதுக்குள்ள முடிச்சு மாட்டி வெச்சிரலாம்னு பாத்தேன்."

இந்த வீட்டில் அயர்ன் அவர் இலாகா. மூன்று பிள்ளைகளின் பள்ளி உடுப்பும் அவர்தான் தேய்த்தார். தன் யூனிஃபார்முக்கு வைக்கும் சூட்டையே இதற்கும் வைத்திருக்கிறார்.

"யாருங்க உங்கள இதைத் தொடச் சொன்னது?" கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். அவர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். சாப்பிடவில்லை.

மூன்று மணிக்குப் பின்பக்கம் அவர் குரல். பல்கலைக்கழக ஜூபா ஆபீசுக்குப் போன் செய்து மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார். என் பெண்சாதி ஒன்றும் செய்யவில்லை, எரித்தது நான்தான், அவள் பெயரில் எதையும் எழுதிவிடாதீர்கள். இதையே மூன்று தடவை.

அடுப்படியில் நின்று அழுதேன். பிறகு சோறு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதி சாப்பிட்டார்.

நவம்பர் 15, சனி

மழை தூறல். நான், பவி, அவர். ஸ்டூடியோ வாசலில் எங்களை இறக்கிவிட்டு எதிரே காரை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். பழைய கதை.

ஷாலினி விளக்கைச் சரி செய்துகொண்டே: "இடது தோள முன்னால கொண்டு வாங்க ஆண்ட்டி. மத்த மூணு படமும் அந்தப் பக்கம்தான்னு பவி காட்டினா, சுவத்துல சேந்து இருக்கணும்ல." தோளைக் கொண்டுவந்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

"பரவால்ல, கம்ப்யூட்டர்ல அழிச்சிரலாம். அஞ்சு நிமிஷ வேலை."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"அழிக்க வேணாம்மா. மறைக்க வழி இருக்கா?"

"யாராச்சும் பக்கத்துல ஒட்டி நின்னு, அந்த எடத்துல கைய வெச்சா..."

"நான் நிக்கிறேன்," என்றாள் பவி.

"நீ குட்டை. சும்மா இரு."

ஜூபாவோடு குடை பிடித்து ரோட்டைக் கடந்தேன். கூலாய் முழுக்க என்னைத்தான் பார்த்திருக்கும். கார் கண்ணாடியைத் தட்டினேன்.

"நீங்க சுட்டது. நீங்களே வந்து மறைங்க."

என்னைப் பார்த்தார். ஜூபாவின் கையைப் பார்த்தார். கதவைத் திறந்து இறங்கினார்.

அப்போதுதான் கவனித்தேன். தீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டை. முழுக்கை. ஒரே நிறம், கட்டம் இல்லை, கோடு இல்லை. ஒரு சுருக்கம் கிடையாது. மூக்குக்கண்ணாடிகூடத் துடைத்திருந்தது. கார் ஓட்ட மட்டும் வந்தவராம்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில், அதிசயமாக. ஷாலினி படத்தை அனுப்பிவிட்டாள். நான் பல் தெரியச் சிரிக்கிறேன். அவர் ஐ.சி. அடையாள அட்டைக்கு எடுத்த மாதிரி விறைப்பு. ஆனால் கை என் தோளுக்குக் கீழே, அழுத்தமாக. விரல் ஓரத்தில் கொஞ்சம் பளபளப்புத் தெரிகிறது, அழித்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

ஜூபாவை மடித்துப் பெட்டியில் வைத்தார். தேய்க்கட்டுமா என்றார். அடி விழும் என்றேன். சட்டம் போட்ட படம் வர இன்னும் ஒரு வாரம் ஆகும், இப்போதே ஹாலில் ஆணி அடிக்கிறார். "வசந்தா, கொஞ்சம் வந்து பாரேன், கோணலா இருக்கா?" என்று மூன்றாவது தடவையாகக் கூப்பிடுகிறார். போக வேண்டும்.