ட்ரை பண்றேன் என்று சொல்லாதே

அன்பு மகன் கிஷாந்துக்கு,

கதிர்காமத்தான் புண்ணியத்தில் நீ ஜப்பானில் சுகமாயிருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று முழு மனதாக எழுத முடியவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் அம்மா காதில் விழும். பேச்சியம்மா அக்காவின் மகன் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

கந்தப்பளையில் மழை விடவில்லை. கடையில் கம்பளியும் சுவெட்டரும் ஓடுகிறது, மற்றதெல்லாம் மந்தம். தங்கச்சி ஜெயந்தினி பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவில் உட்காருகிறாள், என்னைவிடக் கெட்டிக்காரி. அம்மாவின் வயிற்றுக் கட்டிக்கு ஆபரேஷன் நாள் கொடுத்தார்கள் என்று உனக்குத் தெரியும். அவள் போகவில்லை என்பது தெரியாது. இரண்டு தடவை நாளைத் தள்ளிப்போட்டுவிட்டாள். கேட்டால், "தம்பி வர ட்ரை பண்றேன்னு சொல்லியிருக்கான்ல, அவன் வந்து பக்கத்துல நிக்கட்டும், அப்புறம் கத்தி வைக்கட்டும்" என்கிறாள். வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் நீ வந்து படுக்க உன் மெத்தையைக் காயவைக்கத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறாள், வலியோடு. இனித் தள்ளினால் என்னிடம் வராதீர்கள் என்று டொக்டர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

தம்பி, அந்த ட்ரை என்ற சொல்லோடு எனக்கு நெடுநாள் பழக்கம். கடைக்கு வரும் பிள்ளைகளிடம், "போட்டு ட்ரை பண்ணிப் பாரு தங்கச்சி" என்று நானே சொல்கிறேன், அங்கே அது நேர்மையான சொல், கண்ணாடி உடனே பதில் சொல்லிவிடும். கொழும்பில் மொத்த வியாபாரி "ட்ரை எகக் தென்னம் முதலாளி" என்று, ட்ரை பண்ணிப் பார்க்கிறேன் என்பதைச் சிங்களத்தில் சொன்னால் சரக்கு வராது, அன்றைக்கே வேறு ஆளுக்குப் போன் போடுவேன். ரோடு போட ட்ரை பண்றோம் என்று ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் சொன்னார்கள், வாடகை ஓட்டோ வண்டி இன்னும் வீடுவரை வராமல் சந்தியோடு நிற்கிறது. இல்லை என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் பேசுகிற பேச்சு அது. ஆனால் நீ சொன்னபோது, இத்தனையும் தெரிந்த நானே நாலு நாள் வாசலைப் பார்த்தேன்.

துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாக விற்க ஏறின காலத்தில், "வேணாம்ணே, போங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள்தான் எனக்கு நல்லது செய்தார்கள், அடுத்த லயத்துக்கு நடந்துவிடுவேன். "செத்த இருங்க, பாப்போம்" என்றவர்கள் வாசலில்தான் மழையில் நின்றேன். இப்போது உன் அம்மா நிற்கிறாள்.

கொம்பனி ஒப்பந்தம் முடியாமல் நீ வர முடியாது. வந்தால் திரும்ப எடுக்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். உன்மேல் கோபமில்லை. வா என்று எழுதவில்லை. வரமாட்டேன் என்று அவளிடம் சொல் என்றுதான் கேட்கிறேன். நான் சொன்னால் நம்பமாட்டாள், உன் வாயால் கேட்க வேண்டும். காரணம் அடுக்காதே, பார்க்கிறேன் என்று வால் ஒட்டாதே. "நான் இப்ப வரலம்மா, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல், போதும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, நேரத்துக்குச் சாப்பிடு. முருகன் உன்னைக் கைவிடமாட்டான், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்று மறக்காதே, ஜெயந்தினி வீட்டிலிருக்கும் நேரமாகப் பார்த்து அம்மாவுக்குப் போன் எடு. அழுவாள். அழட்டும். அழுது முடித்துவிட்டு என்னோடு பஸ் ஏறுவாள்.

உன் வார்த்தைக்குக் காத்திருக்கும் அப்பா,
சின்னராசா