ராணிக்குக் கிடைத்த மூன்று நிமிடம்

அக்கா,

நேற்று பேத்தியின் பள்ளியில் ஆண்டு விழா ஒத்திகை. ஐந்தாம் வகுப்பு ராஜா ஒருவனுக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பசையின் ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறியதும் என் வயது பாதியாகக் குறைந்துவிட்டது. ராஜாவுக்குப் பக்கத்தில் ஜிகினாக் கிரீடம் வைத்த ராணி என் பேத்தி. "நான் என்ன பண்ணணும் மிஸ்?" என்று கேட்டாள். "நீ சும்மா நின்னா போதும்மா" என்றார் டீச்சர். நீங்கள் அங்கே இருந்திருந்தால் அந்த டீச்சர் தொலைந்தார்.

இதே கேள்வியை நீங்கள் என்னிடம் கேட்டது எண்பதுகளின் நடுவில், விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். நீங்கள் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டில் ஆபரேட்டர். நான் திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் வந்துபோன டெக்னீஷியன். போதாததற்கு நம் ஊழியர் நாடகக் குழுவின் ஆஸ்தான எழுத்தாளன். மெட்ராஸ் டிவி நிலையத்தில் அரை மணி நேரச் சரித்திர நாடகம் போட நம்மைக் கூப்பிட்டிருந்தார்கள். மலையைக் குடைந்து கோயில் எடுக்கும் பல்லவ ராஜாவின் கதை. ராஜா வேஷம் லைன் இன்ஸ்பெக்டருக்கு. கம்பத்தின் மேலிருந்து கத்திக் கத்திப் பழகிய குரல் அவருக்கு. ராணி நீங்கள். உங்களுக்கு நான் எழுதியிருந்தது ஒரே வசனம்: "அரசே, உணவு ஆறுகிறது."

கதை நடந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மண்டகப்பட்டுக்குப் பஸ் ஏறினோம். சர்ச்சில் காலைப் பூசை முடிந்து, தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்காமல் வந்திருந்தீர்கள். பை நிறைய வேகவைத்த மல்லாட்டை. வேர்க்கடலைத் தோலை உரித்தபடி குகை வாசலில் நின்று நான் கல்வெட்டுச் சேதியைப் பெருமையாக எடுத்துவிட்டேன். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமே இல்லாமல் ராஜா எடுப்பித்த கோயில் இது என்றேன். நீங்கள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தீர்கள்.

"செங்கல் இல்ல, மரம் இல்ல, இரும்பு இல்ல, சுண்ணாம்பு இல்ல. ராணியும் இல்லாமலே கட்டிட்டாரு போல."

எல்லோரும் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை.

"இந்தம்மாவுக்கு இங்க இன்னா வேலப்பா? அதச் சொல்லு. இல்லன்னா நான் வேஷம் கட்ட மாட்டேன்."

"ராணின்னா ராணிதாங்க்கா" என்று மழுப்பினேன்.

"நானும்தான் போர்டுல குந்திக்கினு இருக்கேன். இந்தப் பக்கம் ஒருத்தன் பேசறான், அந்தப் பக்கம் ஒருத்தன் பேசறான். நடுவுல ஒருத்தி இருக்கறது ரெண்டு பேருக்குமே ஞாபகம் கெடையாது. நான் லைன் பிளக்க உருவுனாத்தான் தெரியும் சேதி! உன் ராணிக்கும் அந்த வேலையக் குடு. யார் சொல்றது ராஜா காதுல விழலியோ, அத விழ வெக்கட்டும்."

அன்றைக்கு ஊர் திரும்புகிற ரயிலிலேயே எழுதினேன். கல்சில்லு தெறித்துக் கண் போன சிற்பி ஒருவன். அவன் மனைவி மூன்று நாளாக அரண்மனை வாசலில் நிற்கிறாள். சேதி ராஜாவுக்குப் போகவே இல்லை. ராணி போய்ச் சொல்கிறாள். சொல்லிவிட்டு, "இந்தக் குகை முடியும்வரை வாசலில் நிற்பவர்களின் சொல்லை உங்கள் காதில் சேர்ப்பது என் வேலை" என்கிறாள். நீங்கள் படித்துப் பார்த்துவிட்டு, "இப்பத்தான்பா இவ ராணி" என்றீர்கள். போர்டில் டிரங்க் கால் குறையும் நேரமெல்லாம் அதை முணுமுணுத்துக்கொண்டே இருப்பீர்கள்.

அப்புறம் நான் செய்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஸ்டுடியோவில் ஒத்திகை பார்த்ததில் நாடகம் மூன்று நிமிடம் நீண்டது. குறைத்துத் தாருங்கள் என்றார் தயாரிப்பாளர். ராஜாவின் நீண்ட வீர உரையில் கைவைக்க எனக்குத் தைரியம் இல்லை. லைன் இன்ஸ்பெக்டரின் கோபம் ஊர் அறிந்தது. இளைத்தவன் தலையில் மிளகாய் அரைப்பதுபோல உங்கள் காட்சியை அடித்துவிட்டேன். நீங்கள் சண்டை போடுவீர்கள் என்று காத்திருந்தேன். "மூணு நிமிஷம்தானே. ஒரு டிரங்க் கால் நேரம். சரி, வுடு" என்று கிரீடத்தைச் சரிசெய்துகொண்டீர்கள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பதிவு தொடங்கியது. இடையில் நின்றால் முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வீர உரைக்கு ராஜா எழுந்தார். விளக்குச் சூட்டில் அவர் மீசை ஒரு பக்கம் பெயர்ந்து தொங்கியது. கையால் அதை அழுத்திப் பிடித்தார். அத்தோடு வசனம் மறந்துபோனது. ஒரே நிசப்தம். லைனில் ஓசை நின்றால் எந்த ஆபரேட்டரின் வாயிலும் தானாக வருவது உங்கள் வாயிலும் வந்துவிட்டது.

"பேசுங்க, கேட்டுக்கினு இருக்கேன்."

பல்லவ ராணி பேசுகிற பேச்சா இது! நீங்களே ஒரு கணம் திடுக்கிட்டீர்கள். அப்புறம் தலையை நிமிர்த்தி, "பேச மாட்டீர்களா? அப்படியானால் நான் பேசுகிறேன் அரசே" என்று, நான் அடித்துப்போட்ட காட்சியை முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள். சிற்பியின் கண், வாசலில் நிற்கும் பெண், எல்லாம் வந்தது. ராஜா மீசையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். யோசனையில் நிற்கும் ராஜா மாதிரியே இருந்தது. வீர உரை போன இடத்தில் உங்கள் காட்சி பொருந்திவிட்டது. தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக மூன்று நிமிடம். இத்தனை வருஷம் மூன்று நிமிடத்துக்கொரு முறை டிரங்க் காலுக்கு நேரம் சொன்ன ஆளாயிற்றே.

ஒளிபரப்பான மாலை நீங்கள் அதைப் பார்க்கவில்லை. கூட வேலை பார்த்த பெண்ணின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவள் டியூட்டியை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். "என் மூஞ்சிய நான் பாக்காததா?" என்றீர்கள். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் டிவி, டெலிபோன் இரண்டும் இருந்தது அரிசி மில்காரர் வீட்டில் மட்டும்தான். அங்கே கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தேன். ராஜாவின் மீசை பெயர்வதற்குச் சற்று முன்னால், மில்காரரிடம் கெஞ்சி விழுப்புரத்துக்கு ஒரு கால் போட்டேன். நீங்கள்தான் எடுத்தீர்கள். ஒன்றும் சொல்லாமல் ரிசீவரை டிவிப் பெட்டிக்கு நேராக நீட்டிப் பிடித்தேன்.

முடிந்ததும் காதில் வைத்தேன். போர்டில் வேறு கால்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. யாரையும் காத்திருக்க வைக்காத நீங்கள் அன்று எல்லோரையும் காத்திருக்க வைத்திருந்தீர்கள். மூக்கை உறிஞ்சுகிற ஓசை கேட்டது.

"மூணு நிமிஷம் ஆயிடுச்சுப்பா. வெக்கட்டுமா?"

அவ்வளவுதான் சொன்னீர்கள். மறுநாள் என் மேஜையில் ஒரு பொட்டலம் மல்லாட்டை இருந்தது.

போன ஐப்பசியில் உங்கள் மகள் விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். "மாமா, அம்மாவால பேச முடியல. காது மட்டும் நல்லா கேக்குது. எதாவது பேசுங்க" என்று உங்கள் காதில் போனை வைத்தாள். எழுத்தாளனாம்! என் வாயில் வந்தது அந்தப் பழைய காட்சிதான். சிற்பியின் கண், வாசலில் நிற்கும் பெண், ராணியின் வேலை என்று உங்கள் வசனத்தை உங்களுக்கே சொன்னேன். முடித்துவிட்டு, "பேசுங்க அக்கா, கேட்டுக்கினு இருக்கேன்" என்றேன். மூச்சு மட்டும் கேட்டது.

மகள்தான் லைனுக்கு வந்தாள். "மாமா, அம்மா மூணு வெரலக் காட்டறாங்க. இன்னான்னே புரியல."

எனக்குப் புரிந்தது, அக்கா. ஆனால் நம் கடைசி அழைப்பு அதுதான் என்று தெரிந்ததால் போனை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நாளை மறுநாள் விழா. டீச்சரைக் கெஞ்சி, உங்கள் காட்சியையே பேத்தியின் வசனமாகச் சேர்க்க வைத்துவிட்டேன். சிற்பிக்கு ஏன் கண் போனது என்று கேட்டுக்கேட்டே மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். ராஜா மறந்துபோய் நின்றால் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டேன்.