வேன் வராத சனிக்கிழமை

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா நலம், நானும் நலம்தான், வலது கை மட்டும் இன்னும் முழுதாக வழிக்கு வரவில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லக்கூடிய விஷயமென்றால் போனிலேயே சொல்லியிருப்பேன், உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது.

கை முறிவுக்குப் போட்ட கட்டைப் பிரித்த பிறகு விரல் மடங்கவில்லை என்று சொன்னேன் அல்லவா, கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்சை மெஷினில் வைத்து விளிம்பு தேய்க்கும்போது பிடி நழுவி நழுவிப் போனது. பிசியோதெரபிப் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள், இரண்டே நாளில் அலுத்துவிட்டது. "வீட்ல பசங்க விளையாடின வீடியோ கேம் ஏதாவது கிடக்குதா, அந்த பட்டனை அமுக்குங்க, விரலுக்கு நல்லது" என்றாள். பரணிலிருந்து உன் கேம் பெட்டியை அப்பா இறக்கிக் கொடுத்தார், நீ துணி சுற்றிப் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. ஒயர் செத்துப்போயிருந்தது. எங்கள் கடைக்குப் பின்தெருவில் கேம் பெட்டி ரிப்பேர் பார்க்கிற கடை ஒன்று வந்திருக்கிறது, அங்கே கொண்டுபோனேன். கவுன்ட்டரில் இருந்தவனின் முகத்துக்கு முன்னால் கண்ணாடிதான் என் கண்ணில் பட்டது. மைனஸ் ஒன்பது பவர். அந்தக் கனத்துக்கு ஓரத்தில் வளையம் வளையமாகத் தெரியும், அந்த நாளில் இவனுக்கே எத்தனை தேய்த்துக் கொடுத்திருக்கிறேன். கேம் சென்டரில் உங்கள் நாலு பேர் டீமில் இருந்தானே சோடாபுட்டி, அவனேதான். பெட்டியைத் திருப்பி, அடியில் நீங்கள் ஆணியால் கீறிய நாலு கோடுகளையும் தடவிப் பார்த்தான். "இது எங்க கேப்டனோடது ஆச்சே" என்றான். பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டான். நல்லா இருக்கா என்று இரண்டே வார்த்தையில் சொல்லி, பெட்டியை ரிப்பேருக்கு விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் வாராவாரம் போனேன். கை சாக்கு. மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, புதிது புதிதாக ஆட்டம் போட்டுக் கொடுப்பான். சிரிக்காதே, உன் அம்மாவுக்கு இப்போது இதிலெல்லாம் அபிப்பிராயம் உண்டு. சுடுகிற ஆட்டம் எனக்குச் சரிப்படாது, எல்லோருக்கும் என்னவோ தலை போகிற அவசரம். தோட்டம் போடுகிற ஆட்டம் பிடித்தது, ஆனால் அந்த ஊர்க்காரர்கள் தினமும் ஒரே வசனத்தையே பேசுகிறார்கள், எங்கள் மேனேஜர் மாதிரி. பனிமலையில் சண்டைக்குப் போகிறவளுக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுக்க அவர்களுக்கு என்ன கேடு? பழைய ஆட்டத்தையே பளபளவென்று திரும்ப விற்கிறார்கள், பவர் மாறவில்லை, ஃபிரேம் மட்டும் புதிது. படமும் அப்படித்தான் ஆகிவிட்டது, உலகத்தைக் காப்பாற்றி முடித்த பிறகும் ஆட்கள் இருட்டில் உட்கார்ந்து பெயர் ஓடுவதைப் பார்க்கிறார்கள், கடைசியில் இன்னொரு துண்டு வருமாம். புதிர் ஆட்டத்தில் மட்டும் நான் கெட்டி. சோடாபுட்டியே வியந்துபோய், "அவ மூளை எங்கேர்ந்து வந்துதுன்னு இப்பத்தான் தெரியுது ஆன்ட்டி" என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

போன மாதம் அவனே பேச்செடுத்தான். அந்தச் சனிக்கிழமை வெளியூரில் நடந்த கேம் போட்டியின் பைனலுக்கு மற்ற மூன்று பேரும் வேனில் போனார்களாம், நாலு பேர் இருந்தால்தான் டீம் என்று அரங்கத்துக்குள்ளேயே விடவில்லையாம். "தோத்திருந்தாகூடப் பரவால்ல ஆன்ட்டி. முந்தின நாள் அவ முடி வெட்டிக்கிட்டதைக் கிண்டல் பண்ணினேன். அதுக்குத்தான் எங்களை வேணாம்னு சொல்லிட்டாளோன்னு இத்தனை வருஷமா நெனச்சுட்டு இருக்கேன்" என்றான்.

சின்னு, நீ வேண்டாம் என்று சொல்லவே இல்லை. சொன்னவள் நான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் நம் வீட்டுக்குப் போன் செய்தான், காலையில் ஆறு மணிக்கு வேனோடு வருகிறோம் என்றான். நீ குளித்துக்கொண்டிருந்தாய். அவள் வரமாட்டாள், உங்களோடு ஆடவே இஷ்டமில்லை என்கிறாள், இனிமேல் போன் செய்யாதீர்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் நீ பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் ஒன்பதரை வரை உட்கார்ந்திருந்தாய். யாராவது போன் பண்ணினாங்களா என்று கேட்டாய், இல்லையே என்றேன். அவர்களே உன்னை விட்டுவிட்டுப் போய்விட்டதாக நினைத்து, அதற்குப் பிறகு நீ அந்தக் கேம் சென்டர் பக்கமே போகவில்லை, அடுத்த மாதம் நாமும் வீடு மாறிவிட்டோம். பரீட்சைக்குப் பயந்தேன், மூன்று பையன்களோடு வெளியூர் அனுப்பப் பயந்தேன், அதெல்லாம் உண்மை. என்னிடம் நாலு வார்த்தை பேசாத நீ அவர்களிடம் விழுந்து விழுந்து சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை, அதுவும் உண்மை. நீ பெட்டியை மூட்டை கட்டியபோது, பொண்ணு திருந்திட்டா என்று அப்பாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். உன் கல்யாணத்துக்கு உன் பக்கமிருந்து ஒரு சிநேகிதர்கூட வரவில்லை. கூப்பிட யாரும் இல்லம்மா என்றாய். வீண் சகவாசம் இல்லாத பிள்ளை என்று அதையும் பெருமையாகத்தான் சொன்னேன். உனக்கு நான் என்ன செய்துவைத்தேன் என்பது அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

அவனிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அதற்குள் யாரோ ஒயர் கேட்டு வந்தார்கள், எடுத்துக் கொடுத்தான், சில்லறை கொடுத்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க இன்னிக்கிப் போங்க ஆன்ட்டி" என்றான். அடுத்த வாரம் போகலாமா வேண்டாமா என்று தெருமுனையில் நின்றுவிட்டுத்தான் போனேன். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன் பெட்டியைச் சரிசெய்து வைத்திருந்தான். ரசீதின் பின்புறம் தன் நம்பரை எழுதிக் கொடுத்து, "நான் சொன்னா உங்களைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். நீங்களே சொல்லிடுங்க, அப்புறம் அவ இஷ்டம்" என்றான். மற்ற இரண்டு பேரோடும் அவனுக்கு இன்னும் பழக்கம் இருக்கிறது, அவர்களிடம் அவன் எதுவும் சொல்லவில்லை, நீ சொல்லட்டும் என்று இருக்கிறான்.

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன், மூன்றாவது இது. உனக்குக் கோபம் வரும், வரட்டும், அது எனக்கு வேண்டியதுதான். எவ்வளவு நாள் பேசாமல் இருந்தாலும் தாங்கிக்கொள்வேன், அப்பாவிடம் மட்டும் பேசிக்கொண்டிரு, அவருக்கு இதில் பங்கில்லை. நேற்றுத்தான் அவருக்கும் சொன்னேன், இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலனும் பெற்று மனநிறைவோடு வாழ வேண்டும், உன் வீட்டுக்கு நாலு பேர் வந்து போய் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இது என் ஆசீர்வாதம். கண் டெஸ்ட் செய்து இரண்டு வருடம் ஆகிறது, தள்ளிப்போடாதே. ரசீதை இதோடு வைத்திருக்கிறேன். ஞாயிறு அவன் கடை லீவு, பகலில் போனை எடுப்பான். என்னைத் திட்ட அவசரமில்லை, நான் இங்கேதான் இருப்பேன். முதலில் அவனைக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா