உறுமி என்னோடு, குச்சி உங்களோடு

அப்பா,

சோறும் நெத்திலிச் சம்பலும் மேசையில். நான் தானா ராத்தா திடலுக்கு, நாட்டுப்புற இசை விழாவுக்குப் போகிறேன். உங்கள் உறுமியும் புனிதன் அண்ணன் லோரியில், முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே வருகிறது. அங்கே வந்து திட்டுங்கள். மூன்று மணிக்கு உங்கள் பேரைக் கூப்பிடுவார்கள்.

“கோயில் இல்லாத இடத்துல உறுமி அடிச்சு, வெள்ளைக்காரனுக்குச் சாமி வந்துட்டா யாரு இறக்குறது லா?” என்று நேற்று கத்தினீர்களே, திருநீறும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டேன்.

நான் படிக்கும் ருஷ்ய நாவலில் ஓர் அப்பா முந்நூறு பக்கம் கோபித்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். நமக்கு அவ்வளவு பக்கம் இல்லை.

ரூபினி

பி.கு.: உறுமியைத் தேய்க்கும் வளைந்த குச்சி சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. மறந்துவிட்டுப் போகவில்லை. நீங்கள் அதைக் கொண்டுவராவிட்டால், மேடையில் நானே வெறுங்கையால் அடிப்பேன். உங்கள் பேரில்.