வீட்டில் நனையாதவள்

மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிற என் செல்ல அக்கா வதனிக்கு,

வீட்டில் நனையாமல் இருந்தது நீ ஒருத்திதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரிசி நனைந்தது, அலுமாரி நனைந்தது, சித்திரை வருசத்துக்கு எடுத்து ஒரே ஒரு தடவை கட்டிய என் நீலச் சீலை சேற்றுக்குள் கிடந்தது. உன் படம் மட்டும் வாசல் நிலைக்கு மேலே, போட்ட மாலையோடு, சிரித்தது சிரித்தபடி இருந்தது.

ஊர்ச்சனம் வந்து பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டது. "பாத்தியே, தண்ணி அவளைத் தொடேல்லை. தெய்வமா நிண்டு வீட்டைக் காத்திருக்கிறாள்" என்றார்கள். அந்த உயரத்தில் மாட்டினால் யாருடைய படம் நனையும், அக்கா? எனக்கும் அத்தானுக்கும் இருந்த ஒரே படம் ரீவிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அது கூழாகிப் போனதை யாரும் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

உன் ஆண்டு நினைவு வருகிறது. ஒவ்வொரு வருசமும் அத்தான் மூதூருக்குப் போய் அஞ்சலிப் பிரசுரம் அடித்துக்கொண்டு வருவார். நடுவில் உன் படம், கீழே நாலு வரி கவிதை, கடைசியில் "ஆறாத் துயரில் கணவர், மகள், தங்கை" என்று முடியும். அந்தக் கணவர் என் கணவர். அந்த மகளுக்குத் தினமும் தலை இழுத்துப் பின்னிவிடுகிறவள் நான். ஆனால் அந்தத் தாளில் நான் தங்கை மட்டும்தான். இந்த முறை நானே எழுதுகிறேன் என்றேன். அத்தான் பயந்துபோய்ப் பார்த்தார்.

"கண்டதையும் எழுதாத" என்றார்.

கண்டதைத்தான் எழுதப்போகிறேன்.

நீ காய்ச்சலில் போனபோது அபி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். பிள்ளைக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் மாட்டேன் என்று சொல்லவில்லை. கோயிலில் அத்தான் தாலி கட்ட, அன்றைக்கே உன் குசினிக்குள் வந்து உலை வைத்தேன். அத்தானைக் கூப்பிடுவதற்குப் புதிதாக ஒரு சொல்கூட எனக்குக் கிடைக்கவில்லை. முன்னும் அத்தான், பிறகும் அத்தான். அவர் எனக்கு அத்தான் ஆனதே உன்னால்தானே?

சின்ன வயதில் உன் பழைய சட்டையைப் போட்டுத்தான் வளர்ந்தேன். அதிலேயே எனக்கு எரிச்சல். உனக்குக் கணுக்காலுக்கு மேலே நின்ற பாவாடை எனக்கு நிலத்தைக் கூட்டும். நீ பனைபோல வளர்ந்தாய், நான் அப்படியே நின்றுவிட்டேன். அம்மா பாவாடையை மடித்துத் தைத்துத் தந்தாள். வீட்டை யார் மடித்துத் தைத்துத் தருவது?

அந்தக் கொங்கிறீட் தட்டைத்தான் சொல்கிறேன். வெருகல் ஆற்றங்கரையில் இந்த வீட்டைக் கட்டியபோது நீ மேசனுக்குப் பக்கத்திலேயே நின்று, குசினிச் சுவரின் நீளத்துக்கு ஒரு தட்டுப் பதிப்பித்தாய். நெல்மூட்டை வைக்கிற அகலம். உயரம், நீ கையை நீட்டினால் எட்டுகிற உயரம். எனக்கு அது தலைக்கு எங்கேயோ மேலே. மிளகாய்த்தூள் எடுக்கவும் மர வாங்கில் ஏறவேண்டும், சீனி எடுக்கவும் வாங்கில் ஏறவேண்டும். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அந்தச் சின்ன வாங்கின் கால் ஆடத் தொடங்கிவிட்டது. "தட்டைக் கொஞ்சம் இறக்கித் தாங்கோ" என்று நான் கேட்காத வருசம் இல்லை. "அது வதனி போட்டது" என்று அத்தான் சொல்லாத வருசமும் இல்லை.

இனி வெள்ளத்துக்கு வருகிறேன்.

மாரியில் வெள்ளம் வந்தால் நாங்கள் ஆயத்தமாக இருப்போம், உனக்குத் தெரியும். சித்திரையில் யார் எதிர்பார்த்தது? வருசம் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் இடியும் மின்னலும்தான். ஒருநாள் அடித்த காற்றில் வீட்டின் பின்கோடி மாமரம் சாய்ந்து மாட்டுக் கொட்டிலில் விழுந்தது. மலைநாட்டுப் பக்கம் விடாமல் மழையாம் என்று ரேடியோ சொன்னது. மலையில் பெய்த மழை எங்கே வந்து சேரும்? நம்மிடம்தான்.

அன்று விடிய ஆறு கலங்கிச் சிவந்து ஓடியது. அத்தான் மாட்டுப்பட்டியை மேட்டுக்குச் சாய்த்து ஓட்டப் போனார். "மத்தியானத்துக்குள்ள வந்திடுவன், நீங்க வெளிக்கிட்டு நில்லுங்கோ" என்று அபிக்கும் எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார். நான் உடுப்புகளைப் பையில் போட்டுக்கொண்டு நின்றபோது முதலில் வந்தது தண்ணீர் இல்லை, வத்தகப்பழம். ஆற்றோரத் தோட்டங்களில் வெட்டக் காத்திருந்த, உள்ளே சிவந்த பெரிய பச்சைப் பழங்கள் எல்லாம் மிதந்து உருண்டு, எங்கள் வளவு வேலிக்குள் வந்து முட்டி நின்றன. அபி கைதட்டிச் சிரித்தாள். அவள் சிரித்து முடிக்கும் முன்னரே வாசல்படி மறைந்தது.

வளவுக்குள் கால் வைக்க ஏலாது, அவ்வளவு இழுப்பு. உள்ளே முழங்கால், பிறகு இடுப்பு. மேசை மிதந்தது. நான் அபியை வாங்கில் ஏற்றி, அங்கிருந்து தூக்கி உன் தட்டில் விட்டேன். அந்தத் தள்ளலில் வாங்கு காலுக்குக் கீழிருந்து நழுவிப் போய்விட்டது.

"சின்னம்மா, நீங்களும் ஏறுங்கோ" என்றாள் மேலேயிருந்து.

"எனக்கு எட்டாதடி."

"கையைத் தாங்கோ, நான் இழுக்கிறன்."

"நீ என்னை இழுக்க, நான் உன்னை இழுக்க, ரெண்டு பேரும் கீழதான். பேசாமச் சுவரோட ஒட்டி இரு."

தண்ணீர் என் நெஞ்சுக்கு வந்தது. நான் ஜன்னல் கம்பியை ஒரு கையாலும் பிள்ளையின் காலை மற்றக் கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. நீயாக இருந்தால் ஒரே எட்டில் ஏறி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பாட்டும் படித்திருப்பாய். தட்டு உனக்காகப் போட்டது, வீடு உனக்காகக் கட்டியது, வெள்ளம் மட்டும் எனக்கா?

அப்போதுதான் தோணிச் சத்தம் கேட்டது. பக்கத்து வளவுச் சிவம் அண்ணனின் தோணி. அதிலிருந்து அத்தான் தொண்டை கிழியக் கத்தினார்.

"வதனி! வதனி!"

அபி என்னைக் குனிந்து பார்த்தாள். "சின்னம்மா, அப்பா ஆரைக் கூப்பிடுறார்?"

தண்ணீர் நெஞ்சில் நிற்கிறது, குளிரில் பல் அடிக்கிறது, ஆனாலும் ரோசம் போகவில்லை. அவர் கூப்பிட்ட ஆள் சுவரில் இருக்கிறாள், அவளே குரல் கொடுக்கட்டும் என்று வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன். தோணி வீட்டைத் தாண்டிப் போகிற சத்தமும் கேட்டது. நல்லவேளை, பிள்ளைக்கு என் புத்தி இல்லை. "அப்பா! நாங்க குசினிக்குள்ள!" என்று அவள் வீரிட்ட பிறகுதான் அவர்கள் திரும்பினார்கள்.

பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்கவைத்தார்கள். அங்கே மட்டும் நிம்மதியா? பெண்கள் எல்லாம் கூடிச் சமைக்கும்போது ஒருத்தி சொல்கிறாள், "வதனி இருந்திருந்தா இந்நேரம் எல்லாருக்கும் வயிறு நிறையக் குடுத்திருப்பாள்." மற்றவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டுகிறார்கள். அத்தனை பேருக்கும் தேங்காய் துருவித் துருவிக் கை புண்ணாகிப்போன நான் பக்கத்திலேயே இருந்தேன். செத்தவர்களுக்குத் தேங்காய் துருவுகிற வேலை இல்லை. அதனால்தான் அவர்கள் கை எப்போதும் நல்ல கையாக இருக்கிறது.

அத்தானோடு நான் கதைக்கவில்லை. அவர் தேத்தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். நான் எடுக்கவில்லை.

"என்ன கோவம் எண்டு சொன்னாத்தானே தெரியும்?"

"தோணியில வரேக்க ஆரைக் கூப்பிட்டனீங்கள்?"

அவர் முகம் சுருங்கிப் போனது. "பதட்டத்தில வாய் தவறிப் போட்டுது" என்றார்.

"உள்ளுக்க கிடக்கிறதுதானே வாயில வரும்."

அவர் ஆறிய தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். உன்னிடமாவது இதற்குப் பதில் இருக்கிறதா, அக்கா? இத்தனை காலம் அவருக்குச் சோறு போட்டவள் நான். அவர் மலேரியாவில் பிதற்றிக் கிடந்தபோது தலைமாட்டில் இருந்தவள் நான். ஆனால் உயிர் பதறும்போது உன் பெயர்தான் வருகிறது. எனக்கு வயிறு எரிந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது.

தண்ணீர் வடிந்ததும் ஆண்கள் முதலில் வீடு துப்புரவாக்கப் போனார்கள். நான் அபியைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனேன். வேலிப் படலையடியில் போகும்போதே சுத்தியல் சத்தம். குசினிக்குள் அத்தான் நிற்கிறார், மேசன் நிற்கிறான், உன் தட்டின் ஒரு மூலை உடைந்து கீழே கிடக்கிறது.

"என்ன செய்யிறீங்கள்?"

அத்தான் என்னைப் பார்க்காமலே சொன்னார். "உனக்கு எட்டிற மாதிரி இறக்கிப் போடச் சொன்னனான்."

எனக்கு முதலில் சந்தோசம்தான் பொங்கியது. ஏன் ஒளிக்கவேண்டும்? உன் தட்டு உடைகிறது, எனக்காக உடைகிறது, அதுவும் அவரே சொல்லி உடைகிறது. நான் இன்னும் ஒரு அடி விழட்டும் என்றுதான் நின்றேன். மேசன் சுத்தியலை ஓங்கியபோது, தட்டின் விளிம்பில் அபியின் சேற்றுக்கால் அடையாளம் காய்ந்து கிடந்ததைக் கண்டேன். அதற்கு மிகக் கீழே, சுவரில், வெள்ளம் நின்ற கோடு.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். "விசரே உங்களுக்கு? இன்னொரு வெள்ளம் வந்தா பிள்ளையை எங்க ஏத்துறது? உங்கட தலையிலயோ?"

"நீதானே கேட்டனீ!"

"கேட்டனான்தான். அதுக்காக உடைக்கிறதோ?"

மேசன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான். "அக்கா, ஒண்டில் உடைக்கச் சொல்லுங்கோ, இல்லாட்டி விடச் சொல்லுங்கோ. எனக்கு இன்னும் எத்தினை வீடு கிடக்கு" என்றான்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. அவன் பார்க்க, பிள்ளை பார்க்க, அத்தானிடம் கேட்டேன்.

"என்ர பேர் என்ன?"

"என்ன கேள்வி இது?"

"சொல்லுங்கோ."

"சுமதி."

"கேக்கேல்லை."

"சுமதி!" என்றார். தோணியில் வந்தபோது கத்திய அதே குரல். வேலிக்கு அப்பால் சிவம் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"அப்ப அந்தச் சுவரில சுமதிக்கு ஒண்டு போடுங்கோ" என்றேன். "வதனியின்ர இருக்கட்டும்."

இப்போது குசினியில் இரண்டு தட்டு. உன்னுடையது பழைய இடத்திலேயே இருக்கிறது. என்னுடையது பக்கத்துச் சுவரில், என் தோள் உயரத்தில், மூலையில் இரண்டும் கிட்ட வருகிற மாதிரிப் பதித்திருக்கிறார்கள். சீனியும் மிளகாய்த்தூளும் என் தட்டுக்கு வந்துவிட்டன. கொங்கிறீட் காய்ந்த அன்றே அபி ஏறிப் பார்த்தாள். என் தட்டில் கால் வைத்தாள், அடுத்த எட்டு உன் தட்டில் இருந்தாள். உன் கால் அவளுக்கு. அதிலும் எனக்குப் பங்கில்லை.

உன் தட்டில் உடைந்த மூலையைப் பூசித் தரவா என்று மேசன் கேட்டான். வேண்டாம் என்றுவிட்டேன். அடுப்படியில் நின்று நிமிரும்போதெல்லாம் அது கண்ணில் படுகிறது, மனதுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கிறது. நீ கோபித்தால் கோபித்துக்கொள். உனக்கும் எப்போதாவது என்மேல் பொறாமை வந்திருக்குமா, அக்கா? அபிக்குப் பல் விழுந்ததை, அவள் முதன்முதலாகத் தன் பெயரை எழுதியதை, நான்தானே பார்த்தேன்?

பொறாமை தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆறு இங்கேதான் ஓடுகிறது, மழையும் காலம் பார்த்து வருவதை விட்டுவிட்டது. ஆகவே இன்னொரு நாளைக்குத் தண்ணீர் வரும். அன்றைக்கு நான் என் தட்டில் ஏறி நின்று, பிள்ளையை உன்னிடம் தூக்கித் தருவேன். இது சத்தியம். நனையாமல் வைத்திரு. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு அவளைக் கீழே இறக்குவது நான்தான். அதில் மட்டும் நீ கை வைக்காதே.

இப்படிக்கு,
உன் சட்டையைப் போட்டு வளர்ந்த
உன் குள்ளத் தங்கச்சி சுமதி