கதவோரம் நின்ற என் காது

அன்புள்ள பாய்,

நீங்க மண்ணுக்குள்ள போய் ரெண்டு வருசம் ஆச்சு. காலையில் மகள் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். கையில்லாத நீலக் கோட்டு, நெஞ்சில் ஏதோ வெளிநாட்டு எழுத்து, 'தேர்தல் பார்வையாளர்'னு அர்த்தமாம். பெத்த மகள் முகத்தைப் பார்க்கறதுக்கு முன்னாலயே தோள் தையலைத்தான் பார்த்தேன். ஒரு நூல் தொங்குது. "ஏனுங்க சூப்பர்வைசரே, புள்ள மேலயும் ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டிருவீங்களா?" என்று நீங்க இருந்திருந்தா கேட்டிருப்பீங்க.

சீக்கிரமே தனி நாடாகப் போகிற ஒரு தீவு அது. பேர் வாயில் நுழையலை. பத்தாவது ஃபெயிலான நாக்கு. அங்கே தேர்தல் ஒழுங்கா நடக்குதான்னு பார்க்க வெளிநாட்டுக்காரங்களோட இவளும் போயிருக்கா. போன் பண்ணினேன். "பயப்படாதீங்கப்பா. எந்த ஊருக்குப் போனாலும், ஒரு மிரட்டலும் இல்லைன்னு எல்லாரும் ஒரே மாதிரி சிரிச்சுட்டே சொல்றாங்க" என்றாள்.

ஒரே மாதிரி சொல்ல வைப்பது எப்படின்னு எனக்குத் தெரியாதா பாய்?

நம்ம பனியன் கம்பெனிக்கு, துணி வாங்கற வெளிநாட்டு பையரோட ஆட்கள் ஆடிட் வந்தாங்களே. முந்தின நாளே அவசர வழியை அடைச்சிருந்த அட்டைப்பெட்டிகளை எடுக்க வைத்து, "ஓவர்டைம் கட்டாயமான்னு கேட்டா, இல்லீங்கன்னு சொல்லோணும்" என்று பாடம் எடுத்தவன் நான். எனக்கு ஏறாத படிப்பை அன்னிக்கு ஊருக்கே சொல்லிக்கொடுத்தேன். எல்லாரும் ஒப்பிச்சாங்க. கட்டிங் மாஸ்டர் நீங்க மட்டும் என்னைக் காட்டி, "இவரு வெளிய போனா நான் பேசறேனுங்க" என்றீங்க. இளிச்சுக்கிட்டே போய்க் கதவோரம் நின்னேன். கேட்டதையெல்லாம் முதலாளி காதில் போட்டேன்.

அடுத்த வாரம் உங்களுக்கு வேலை இல்லை. பேக்கரியில் பார்த்தப்போ திட்டுவீங்கன்னு நினைச்சேன். "ஆடிட்டுக்கு வந்தவங்க பிளேன் ஏறிட்டாங்க. நான் இங்கதானுங்களே இருக்கோணும்" என்று மட்டும் சொன்னீங்க.

போனை வைக்கப் போகும்போது மகள் சொன்னாள்: "ஒரு அம்மா மட்டும் தனியாப் பேசணும்னாங்க. நாளைக்கு அவங்க வீட்டுக்குப் போறேன்."

"ஊட்டுக்கு வேண்டாங் கண்ணு. அந்தக் கோட்டைப் போட்டுட்டுப் போகாத. அவங்க பேரை எழுதாத."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

சொல்லிட்டேன் பாய். உங்ககிட்ட ஒத்துக்காததை அவகிட்ட ஒத்துக்கிட்டேன். அப்புறம் "சரிங்கப்பா" என்றாள். என் ஜோக்குக்கெல்லாம் சிரிக்கிற குரல் இல்லை அது.

நாளைக்கு அந்த அம்மா எங்கே வெச்சுப் பேசினாலும் வெளியே எவனோ ஒருத்தன் இளிச்சுக்கிட்டு நிப்பான். அவனுக்கும் வீட்டில் பிள்ளை இருக்கும். அவன் காது எவ்வளவு கூர்மைன்னு என் மகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.